மாத்திரைக்கு அடங்கிய சாமி

அத்தியாயம் 14

காலை ஐந்து மணிக்குத் தாராவியின் அந்தச் சந்தில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். குடமும் பிளாஸ்டிக் டிரம்மும் மோதிக்கொள்ளும் இரைச்சலின் மறைவில், கலைச்செல்வி தன் புருஷனுக்கு நான்கு இட்லி ஊட்டிவிட்டாள்.

ஊட்டிவிட்டதற்குக் காரணம் கொஞ்சல் இல்லை. காப்புக் கட்டிய கையால் சாமியாடி கோயில் கொடை முடியும்வரை சோறு தொடக் கூடாது. கைதான் தொடவில்லையே, அப்புறம் விரதம் எங்கே முறிந்தது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு நாளாக அந்தச் சட்டம்தான் அந்த வீட்டை ஆண்டது.

"மெல்லாம முழுங்காதீங்க. வாந்தி வந்தா, சாமி வந்துட்டுன்னு குலவை போட்டுருவாளுக."

மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறைய இட்லி. அடக்கிக்கொண்டான்.

இரும்பு ஏணிக்கு மேலே பரணில் படுத்திருந்த மகள் இசக்கிசெல்வி போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "தண்ணியும் குடிக்கச் சொல்லும்மா. டாக்டர் மேடம் அதைத்தான் ரெண்டு தடவ சொன்னாங்க."

"ஏட்டி, நீ இன்னும் தூங்கலையா?"

"இந்த டிரம் சத்தத்துல சுடலையே தூங்க மாட்டாரு."

விட்ட இடத்தை ஒரு முறை தொட்டுவிட்டு மேலே போவோம்.

மாரீஸ்வரனுக்கு நாற்பத்திரண்டு வயது. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், அபுதாஹிர் பாயின் பட்டறையில் கைப்பைகளுக்குத் தோல் வெட்டுகிறவன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிடிமண் கொண்டுவந்து அந்தச் சந்தில் நிறுத்திய சுடலைமாடனுக்கு, அப்பாவுக்குப் பிறகு பதினோரு வருஷமாக அவன்தான் சாமியாடி. கொடை அன்று உச்சிப்பொழுதில் அவன்மேல் சாமி இறங்கும். லேசில் இறங்காது. தலையைத் தூணில் முட்டுவான். குடல் புரள வாந்தி எடுப்பான். நாக்குக் குழறும். அந்தக் குழறலுக்கு அண்ணன் செல்லப்பாண்டி அர்த்தம் சொல்வான். அதுதான் வருஷத்துக் குறி.

இந்தச் சுடலைக்கு வேறெங்கும் இல்லாத சில வழக்கங்கள் உண்டு. சாமி இறங்கி, இன்னார் வந்திருக்கிறேன் என்று பெயர் சொன்ன மறுநொடி மேளத்தை நிறுத்திவிட வேண்டும். டியூப் லைட்டை அணைக்க வேண்டும். சாம்பிராணிச் சட்டியை வெளியே தூக்கிவிட வேண்டும். குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லாம் முதல் வருஷம் மாரீஸ்வரன் அலறிக் கேட்டவை. சத்தம் ஆகாத சாமி, வெளிச்சம் ஆகாத சாமி என்று செம்பூரிலிருந்தும் உல்லாஸ்நகரிலிருந்தும்கூடக் கூட்டம் வர ஆரம்பித்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் பட்டறையில், பசையாக ஊற்றும் சொலூஷன் வாடைக்கு நடுவே, அவனுக்கு ஒரு பக்கப் பார்வை மறைந்தது. கத்தி விரலில் இறங்கியது. அபுதாஹிர் பாய் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். பேச்சு புரிய மகள் செல்வி கூடப் போனாள்.

மராத்தி கலந்த இந்தியில் டாக்டரம்மா கேட்டதை மகள்தான் தமிழாக்கினாள். கண்ணுக்குள் ரம்பம்போல் பல் பல்லாக வெளிச்சம் ஓடுமா? ஓடி முடிந்தால் ஒரு பக்க மண்டை பிளக்குமா? நினைத்த வார்த்தை நாக்குக்கு வராமல் போகுமா? பட்டினி, தூக்கமின்மை, வெயில், வாடை, சத்தம், மின்னுகிற விளக்கு, இதில் எது இருந்தால் வருகிறது?

"கொடை அன்னைக்கு எல்லாமே இருக்கும் மேடம்," என்று அப்பனைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டாள் செல்வி.

இருட்டு, அமைதி, குளிர்ந்த தண்ணீர், தூக்கம் என்று தணிக்கும் வழிகளை டாக்டரம்மா அடுக்கியபோது, மாரீஸ்வரனுக்கு நாற்காலி நழுவுவதுபோல் இருந்தது. பதினோரு வருஷமாகச் சுடலைக்குச் செய்துவரும் முறைகளை முன்பின் தெரியாத ஒரு பெண் ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றைத் தலைவலி என்றார்கள். வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை. வலி தொடங்கியதும் போட வேறொரு மாத்திரை. மெடிக்கல் கடையில் வாங்கி அவன் தினமும் மூன்று நான்கு என்று விழுங்கிவந்த வலிமாத்திரையே பாதி வலியைக் கூட்டிவந்தது என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். முதல் இரண்டு வாரம் சுவரைக் கீறிக்கொண்டு கிடந்தான். பிறகு இறங்கியது. செல்வி நோட்டுப் போட்டு எழுதினாள். எந்தத் தேதி, எந்த நேரம், முன்னால் என்ன சாப்பிட்டான், எவ்வளவு தூங்கினான், எல்லாம் இந்தி எழுத்தில். மாதம் பதினான்கு நாள் என்றிருந்த வலி மூன்று நாளாகச் சுருங்கியிருந்தது.

"சாமி இருக்கு. நான் இல்லன்னு சொல்லல," என்று கலைச்செல்வியிடம் சொல்லியிருந்தான். "ஆனா என் மண்டைக்குள்ள இருந்தது அவரு இல்ல."

இன்றைய உச்சிக்கொடையில் ஊர் முன்னால் அதைச் சொல்லி, காப்பை அவிழ்த்து வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். அவசரத்துக்குக் காரணம் மகள். மார்ச்சில் பரீட்சை அன்று அவளுக்கும் தலை வலித்து வாந்தி வந்தது. ஒரே ஒரு நாள்தான். அதைக் கேள்விப்பட்ட செல்லப்பாண்டி, "தம்பிக்குப் பிறகு யாருன்னு சாமியே காட்டிட்டு," என்று கோயில் கமிட்டியில் சொல்லிவைத்துவிட்டான்.

பதினாறு வயதுப் பெண். அவளைப் பட்டினி போட்டு, புகை காட்டி, வெயிலில் நிறுத்தி, வருஷா வருஷம் மண்டையைத் தூணில் முட்டவைப்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மாரீஸ்வரனின் பல் கிட்டித்துக்கொள்ளும்.

ஏழரை மணிக்குச் செல்லப்பாண்டி வந்தான். கதவைத் தட்டவில்லை. தள்ளினான்.

ஐம்பது வயது. வெள்ளை வேட்டி, கழுத்தில் மஞ்சள் துண்டு, தோளில் சாமியாடி உடுத்தும் சல்லடக் கால்சட்டையும் மணி கோத்த இடுப்புக் கச்சையும் திணித்த பை. தம்பியைப் பிரியமாகத்தான் பார்த்தான். கச்சை கட்டிப் பார்க்கக் கிட்டே குனிந்தவன் மூக்கைச் சுருக்கினான்.

"என்னலே, வாயில சாம்பார் வாசம்?"

மாரீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேக்கேன்லா. விரதக்காரன் வாயில என்னலே வாசம்?"

"நான்தான் குடுத்தேன் அத்தான்," என்றாள் கலைச்செல்வி. "பட்டினி கெடந்தா இவுகளுக்கு..."

அவள் முடிக்கவில்லை. செல்லப்பாண்டி உதைத்த இட்லிச் சட்டி சுவரில் மோதி, அவள் முழங்காலில் விழுந்து, வாசலுக்கு உருண்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். தடுக்க எழுந்த மாரீஸ்வரனின் இடுப்பு மடிப்பிலிருந்து மாத்திரை அட்டை நழுவிக் கீழே விழுந்தது.

அண்ணன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதை மாரீஸ்வரன் கவனித்தான். ஆனால் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அடி விழுந்துவிட்டது.

புறங்கையால் ஓர் அடி. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. இரண்டாவது அடி காதில். மூன்றாவதற்கு அண்ணன் கையை ஓங்கியபோது செல்வி ஏணியில் பாதியிலிருந்தே குதித்தாள்.

"பெரியப்பா, பஸ், போதும்! அது தவா. வியாதிக்கு மருந்து. அடிக்கிறீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"வியாதியா? எவன் சொன்னான் வியாதின்னு?" செல்லப்பாண்டி அட்டையைக் கசக்கி, வாசலுக்கு வெளியே சாக்கடையில் விட்டெறிந்தான். கறுப்புத் தண்ணீர் அதைச் சுழற்றிக்கொண்டு போனது. "ஊரே திரண்டு வருது. பூதத்தான் வகையறா எப்போ நம்ம கையிலேந்து வல்லயத்தைப் பிடுங்கலாம்னு காத்துக்கிட்டுக் கெடக்கான். நீ என்னடான்னா இட்லி திங்க, மாத்திரை திங்க."

"அண்ணே, இனிமே என்னால ஆட முடியாது. இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன்."

செல்லப்பாண்டி சிரித்தான். கையை நீட்டி, செல்வியின் பின்னலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். இழுக்கவில்லை. சுற்றிவைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

"சொல்லு. ஒன்மேல வரலன்னா இவமேல வரும். எனக்கு எது வந்தாலும் சரிதான்."

"அவளை விடு."

"அப்போ நீ ஆடு."

மகளின் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது. அவள் கண்ணை இமைக்காமல் அப்பனையே பார்த்தாள். மாரீஸ்வரன் குனிந்து, கச்சையை எடுத்துத் தன் இடுப்பில் தானே கட்டிக்கொண்டான்.

உச்சிக்கொடை என்றால் உச்சிதான். சூரியன் சந்துக்குள் நேராக இறங்கும் அரை மணி நேரம் அது. மற்ற நேரங்களில் அங்கே வெயில் நுழைய இடம் கிடையாது.

கோயிலின் இடப்பக்கம் எம்பிராய்டரிப் பட்டறை. வலப்பக்கம் பிளாஸ்டிக் உருக்கும் கடை. நடுவில் நான்கு தூண் மேல் தகரக் கூரை. அதன் கீழும் சந்திலுமாக முந்நூறு பேர். நையாண்டி மேளக்காரர்கள் தவிலை மாரீஸ்வரனின் காதுக்குப் பக்கத்திலேயே வைத்து அடித்தார்கள். நாதஸ்வரம் மண்டைக்குள் நூலைக் கோத்து இழுத்தது. சாம்பிராணிப் புகை பக்கத்துக் கடையின் பிளாஸ்டிக் வாடையோடு கலந்து தொண்டையைப் பிடித்தது. முதல் கிடாயை வெட்டினார்கள். ஒரே வெட்டு. ரத்தம் சிமெண்டில் பீய்ச்சி அவன் கால் விரலை நனைத்தது. சூடாக இருந்தது.

அவன் சாமியாடியின் ஈட்டியான வல்லயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வா, என்று உள்ளே கூப்பிட்டான்.

பதினோரு வருஷமாக எதற்குப் பயந்து செத்தானோ அதை இன்றைக்கு அவனே அழைத்தான். பித்தளைக் குடத்தில் பட்டுத் தெறிக்கும் வெயிலை உற்றுப் பார்த்தான். புகையை இழுத்து விழுங்கினான். தவிலை நோக்கித் தலையைத் திருப்பினான். கையில் மாத்திரை இல்லை, வேளை பார்த்து வெயிலும் இருக்கிறது, வருவதற்கு என்ன தடை? பார்வையின் ஓரத்தில் பல் பல்லாக அந்த வெளிச்சம் ஒரு கோடு காட்டினால் போதும். பிறகு மண்டையின் இடப்பக்கத்தை யாரோ தோல் உரிப்பதுபோல் உரிக்கட்டும். கண்ணுக்குப் பின்னால் குத்தூசியை வைத்துச் சுத்தியலால் அடிக்கட்டும். ஆடிவிடலாம். மகள் தப்பிவிடுவாள்.

வரவில்லை.

நான்கு மாத மாத்திரை காவல் நின்றது. எட்டு நாள் இட்லியும் தூக்கமும் காவல் நின்றன. தலை கழுவித் துடைத்த பாத்திரம்போல் தெளிவாக இருந்தது. கொடைக்கு வந்த முகங்களை அவன் முதல்முறையாக அன்றுதான் முழுசாகப் பார்த்தான். செம்பூர் மாரிசெல்வத்துக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. அது எப்போது நரைத்தது?

நடிக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் பதினோரு வருஷத்தில் அவன் ஒரு நொடிகூட நடித்ததில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் மரம்போல நின்றான்.

"இறங்கலையே," என்றது ஒரு குரல்.

"தீட்டுப் பட்டிருக்கும்வே."

"பூதத்தான் பேரனைக் கூப்பிடுங்க. அவன் ஆடுவான்."

செல்லப்பாண்டி சாட்டையை எடுத்தான். தயங்குகிற சாமியைச் சாட்டையால் அழைப்பது அங்கே வழக்கம்தான். வழக்கமாக மூன்று அடி, தோளில் படும் படாததுமாக.

முதல் அடியிலேயே முதுகு கிழிந்தது. கூட்டம் "ஓ" என்றது. இரண்டாவது விலாவைச் சுற்றி வளைத்து மார்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மூன்றாவதில் சாட்டை நுனி காது மடலைக் கவ்வியது. நான்கு. ஐந்து. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணுவதை நிறுத்தினார்கள்.

"வா! இறங்கி வா! யாருன்னு சொல்லு!" அண்ணனின் வாயோரம் நுரை தள்ளியது. பார்த்தால் அவன்மேல்தான் சாமி வந்ததுபோல் இருந்தது.

மாரீஸ்வரன் முழங்காலில் விழுந்தான். தலை மட்டும் வலிக்கவே இல்லை. கலைச்செல்வி நொண்டிக்கொண்டு ஓடிவந்து புருஷன் மேல் கவிழ்ந்தாள். நான்கு பேர் அவளைத் தூக்கி அப்பால் எறிந்தார்கள். எட்டாவது அடிக்குச் சாட்டை பின்னால் போனபோதுதான் அந்த அலறல் கேட்டது.

செல்வி.

பெண்கள் கூட்டத்தின் நடுவே அவள் இடது கையால் இடது கண்ணை அழுத்திப் பிடித்திருந்தாள். உடல் முன்னும் பின்னும் ஆடியது. வாய் திறந்து எதையோ சொல்லப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. உடைந்த ஓசைகள் வந்தன. பிறகு குனிந்து ஓங்கரித்தாள்.

குலவைச் சத்தம் தகரத்தை அதிரவைத்தது.

"இசக்கியம்மன் வந்துட்டா! பேரு வெச்சதுக்கு வந்துட்டா!"

மாரீஸ்வரன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். கண்ணைப் பொத்தும் விதம், குழறும் நாக்கு, ஓங்கரிப்பு. வந்துவிட்டது. தன்னிடம் வராதது நேராக மகளிடம் போய்விட்டது. காலையில் அவள் எதுவும் சாப்பிட்டாளா? இரவு தூங்கினாளா? தனக்குப் பார்த்துப் பார்த்து ஊட்டினார்களே, அவளை யார் கவனித்தார்கள்?

செல்லப்பாண்டி தம்பியைத் தாண்டிப் போனான். "மேளத்தைக் கிட்ட கொண்டாங்கலே! பேரு சொல்லுத வரைக்கும் நிறுத்தாதீங்க!" தவில் அவள் காதோரம் நெருங்கியது. சாம்பிராணிச் சட்டியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அவன் அவளுடைய தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினான். "யாருன்னு சொல்லு! சொல்லு!" சாட்டையின் ஓர் அடி அவள் முன்கையில் விழுந்து, சிவப்பாக ஒரு கோடு எழும்பியது.

அதற்கு மேல் நடந்ததை மாரீஸ்வரன் யோசித்துச் செய்யவில்லை. வல்லயத்தின் அடிக்கட்டையைத் திருப்பினான். முதல் வீச்சு தவிலின் தோலைக் கிழித்தது. இரண்டாவது அண்ணனின் மண்டையில் இறங்கியது. தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம். செல்லப்பாண்டி பக்கவாட்டில் சரிந்து, கிடாயின் ரத்தத்திலேயே விழுந்தான். தடுக்க வந்த ஒருவனின் பல் போனது. மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே நின்றவர்களை இடித்துத் தள்ளி, நான்கு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்குள் ஓடிக் கதவை அடைத்தான்.

ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டான். துண்டை நனைத்து அவள் நெற்றியில் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் மூச்சு வாங்கினான். முதுகிலிருந்து வழிந்த ரத்தம் கச்சையில் ஊறியது.

"கண்ணைத் திறக்காத," என்று கிசுகிசுத்தான். "வலி எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லப்பா."

"அப்போ இன்னும் தொடங்கல. வெளிச்சம் மட்டும் ஓடுதா? பயப்படாத. அரை மணி நேரத்துக்குள்ள எப்படியாவது மருந்து..."

"ஒண்ணும் ஓடல." அவள் எழுந்து உட்கார்ந்தாள். துண்டு மடியில் விழுந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா செஞ்சேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"நாக்குக் குழறுச்சே?"

"நோட்டு யாரு எழுதுறா? நான்தானே? ஒனக்கு எப்படி ஆரம்பிக்கும், எப்படிப் பேச்சு போகும், எல்லாம் எனக்குத் தெரியும்." முன்கையில் எழும்பியிருந்த கோட்டை அவள் தடவினாள். "அவங்க ஒன்னைக் கொன்னுடுவாங்கன்னு தோணுச்சுப்பா. நிறுத்துங்கன்னு தமிழ்ல கத்தினா கேப்பாங்களா, இந்தியில கத்தினா கேப்பாங்களா? சாமி கத்தினாதானே கேப்பாங்க?"

மாரீஸ்வரன் தன் வலது கையைப் பார்த்தான். விரல் இடுக்கில் இருந்தது அண்ணனின் ரத்தம். அவர்கள் நோயைப் பார்த்துச் சாமி என்றார்கள். அவன் நடிப்பைப் பார்த்து நோய் என்று நம்பிவிட்டான்.

கதவு இடிபட்டது. "நான்தான். திறங்க." கலைச்செல்வி.

பாதி திறந்த இடைவெளியில் அவள் உள்ளே வந்தாள். ரவிக்கை கிழிந்திருந்தது. "அத்தான் கண்ணு முழிக்கல. மூச்சு இருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். பொண்ணை வெளிய அனுப்புன்னு நிக்காங்க. அவமேல வந்திருக்க இசக்கிதான் அத்தானை எழுப்பணுமாம். அனுப்பலன்னா கதவை உடைப்பாங்க. பூதத்தான் மகன் கையில கிடாவெட்டுன அருவாள் இருக்கு."

"அம்மா, நான் நடிச்சேன்."

கலைச்செல்வி மகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. "இதை வெளிய சொன்னா வெட்டிருவாங்க ஏட்டி," என்றாள். "சொல்லலன்னா ஒன்னைச் சாகுற வரைக்கும் விட மாட்டாங்க."

வெளியே கடப்பாரை கதவின் கீலைத் தேடிச் சுரண்டியது.

மாரீஸ்வரன் மகளின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். "எந்தக் கைடி வெச்ச?"

"இடது."

"கண்ணை மூடிக்கிட்டா, திறந்தா?"

அவளுக்குப் புரிந்தது. "அப்பா, வேண்டாம்."

"சொல்லு."

"ஒண்ணு மூடி, ஒண்ணு திறந்து. முன்னும் பின்னும் ஆடணும். வார்த்தையோட பாதியை முழுங்கணும்."

அவன் கதவைத் திறந்தான்.

வெயில் முகத்தில் அறைந்தது. இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கடப்பாரைக்காரனை வலது கையால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, சந்தின் நடுவில் வந்து நின்றான். மகளைப் போலவே ஆடினான். தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினான். வார்த்தையைப் பாதி விழுங்கினான்.

"சு... சுட... சுடலை வந்... வந்திருக்கேன்டா! என்னை அடி... அடிச்சவனை நான் அடிச்சேன்! பொ... பொண்ணு மேல எவளும் இல்ல! அவ பயந்து கத்தினா! அவளைத் தொட்டவன் வம்சம் அத்துப்போகும்!"

அருவாள் கீழே இறங்கியது. முந்நூறு பேரும் வழிவிட்டார்கள். யாரோ விசும்பினார்கள். "சாமிதான் தண்டிச்சிருக்கு," என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சில கைகள் தலைக்கு மேல் குவிந்தன. அவ்வளவு சுலபமாக இருந்தது. பதினோரு வருஷம் மண்டை பிளந்து ஆடியபோது நம்பியதற்கும் இந்தப் பொய்யை நம்புவதற்கும் அவர்கள் முகத்தில் ஓர் இம்மி வித்தியாசம் தெரியவில்லை.

தூணடியில் செல்லப்பாண்டி மல்லாந்து கிடந்தான். காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. மாரீஸ்வரன் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, வலது கையால் திருநீற்றை அள்ளி, நெற்றியில் அழுத்தினான். விரலுக்கடியில் எலும்பு மெத்தென்று இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சாமியே உத்தரவு போட வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தான்.

அண்ணனின் கண் திறந்தது.

கை மேலே வந்து தம்பியின் மணிக்கட்டைப் பற்றியது. பிடி பலமாகத்தான் இருந்தது. உதடு அசைந்தது. மாரீஸ்வரன் காதைக் கிட்டே கொண்டுபோனான்.

"ஒனக்கு நெசமா வந்தா வலது கை மரத்துத் தொங்கும்லே," என்றான் செல்லப்பாண்டி. மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் இருந்தது அந்தக் குரல். "இப்போ தொங்கல."

அண்ணனின் பிடிக்குள் இருந்த தன் வலது கையை மாரீஸ்வரன் பார்த்தான்.

"அப்பாவுக்கும் அப்படித்தான் தொங்கும். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வியாதின்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தச் சீட்டு என்கிட்ட இருக்கு."

"அண்ணே..."

பிடி இறுகியது. நகம் தோலுக்குள் இறங்கியது.

"எல்லாரும் பாக்காங்கலே. ஆடு."